புனலாடுவோரும் புனலறியா ஊரும்

தமிழில் நீரூர்திகளுக்குப் பெயர்ப்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. அம்பி, பஃறி, புணை, திமில், தோணி, ஓடம், வங்கம், நாவாய் எனப் பழைய நூல்கள் அடுக்கிக்கொண்டே செல்கின்றன. வள்ளமும் வத்தையும் பரிசலும் கட்டுமரமும் இன்றும் நம் மக்கள் நாவில் வழங்குகின்றன. ஆற்றுக்கு ஒன்று, கழிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று நீரின் இயல்பறிந்து கலம் சமைத்தவர்கள் நம் முன்னோர். இவ்வரிசையில் அண்மைக் காலத்தே வந்து சேர்ந்திருக்கும் ஒரு பெயர் கயாக். அக்கலத்தைப் பற்றியும், அதில் ஏறி மலைவெள்ளத்தோடு விளையாடுவோரைப் பற்றியும், ஆறே இல்லாத ஓர் ஊரினராகிய நாம் எழுதப் புகுந்தது ஏன் என்று இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்கள் வியக்கக்கூடும். அவ்வியப்புக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்ணத்தில் வாழும் பொய்கை

நம் ஊர் அன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் வழியே விராலிமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்தது. அண்மையில் உள்ள சித்தன்னவாசல் குன்றை அறியாதார் இலர். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தே, அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அங்குள்ள குடைவரைக்குத் திருப்பணி செய்தமையைக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அக்குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பட்டுள்ளது. மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகள் நீராடுகின்றன, மலர் கொய்வோர் இடையளவு நீரில் நிற்கின்றனர். நம் வட்டாரத்தில் கோடையிலும் வற்றாத நீர்நிலை அது ஒன்றுதான் என்று நாம் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வேடிக்கைக்குப் பின்னே உண்மையும் உண்டு. நம்முடையது வானம் பார்த்த பூமி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்தால் குளங்களும் கண்மாய்களும் நிரம்பும். பங்குனி பிறக்குமுன் அவற்றின் தரை வெடித்துவிடும். ஆண்டு முழுவதும் ஆழநீர் நிற்கும் இடங்கள் கைவிடப்பட்ட கற்குவாரிப் பள்ளங்களும் சில பழங்கிணறுகளுமே. ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளை நீரைத் தாய்மொழிபோலக் கற்றுக்கொள்கிறது. நம் பிள்ளைகளுக்கோ நீர் ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் விருந்தாளி. விருந்தாளியின் குணம் பிடிபடுமுன்பே அது வந்த வழியே திரும்பிவிடுகிறது. அதனால் மழை நின்றபின் வரும் விடுமுறை நாள்கள் நம் பக்கத்து ஊர்களில் மகிழ்ச்சியோடு அச்சத்தையும் கொண்டுவருகின்றன.

அவ்வச்சம் நம் வீட்டிலும் ஒருநாள் நுழைந்தது. நமக்கு அப்போது ஒன்பது வயது. பெரியத்தாவின் மகன் நமக்கு மூன்றாண்டு மூத்தவன். பம்பரம் விடுவதிலும் மரமேறுவதிலும் தெருவிலேயே அவனுக்கு நிகரில்லை. நல்ல மழை பெய்த ஓர் ஆண்டில், பள்ளி விடுமுறையன்று தோழர்களோடு குளத்துக்குச் சென்றவன் திரும்பவில்லை. மண் எடுத்ததால் குளத்தின் நடுவே பள்ளம் விழுந்திருந்ததை மேலே நின்ற கலங்கல் நீர் மறைத்துவிட்டது. உடன் சென்ற பிள்ளைகள் ஐவர். ஐவருக்கும் நீந்தத் தெரியாது. அவர்கள் ஊருக்குள் ஓடிவந்து ஆளழைத்துச் செல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியம்மா அதன்பின் மழைக்காலத்தில் குளத்துப் பக்கத்துச் சன்னலைத் திறந்ததே இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீர் என்பது குடத்திலும் குவளையிலும் மட்டுமே என்றாயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தச் சட்டம் மாறவில்லை.

மலைநாட்டு மழையில்

2023 ஆகஸ்டுத் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. தாமரைச்சேரியில் கடை வைத்திருக்கும் நம் அக்காள் மகன் வெகுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் நம் மகளையும் உடனழைத்துச் சென்றோம். சென்ற மறுநாள் அவர், “மாமா, கோடஞ்சேரியில் ஆற்றுத் திருவிழா நடக்கிறது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம்” என்றார். மகளின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க இயலவில்லை.

மலபார் ஆற்றுத் திருவிழா 2013இல் தொடங்கப்பெற்றது. கேரளச் சுற்றுலாத் துறையின் ஆதரவோடு, தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடைபெறுவது. வயநாட்டு மலைச்சரிவிலிருந்து இறங்கும் சாலிப்புழையும் இருவஞ்சிப்புழையும் அதன் ஆடுகளங்கள். இவ்விரு ஆறுகளும் பின்னர்ச் சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் கடலை அடைகின்றன. மரக்கலம் கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற அதே பேப்பூர்தான். கோடையில் கூழாங்கற்களிடையே நூலிழையாக ஓடும் இவ்வாறுகள், மழைக்காலத்தில் மதம் பிடித்த களிறெனப் பாறைகளை மோதிக்கொண்டு வருகின்றன. பிறர் அஞ்சி விலகும் அக்காலமே கயாக் வீரர்களுக்கு அறுவடைக் காலம்.

புலிக்கயத்தில் சாலிப்புழையின் கரையில் நாம் நின்றபோது குடைகளின் காடு ஒன்று நமக்கு முன்னே இருந்தது. உள்ளூர் மக்கள் குழந்தை குட்டிகளோடு வந்திருந்தனர். பழம்பொரியின் மணமும் கட்டன்சாயாவின் ஆவியும் மழையில் கலந்திருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாதபடி ஆறு முழங்கிற்று. ஊரின் பெயரில் உள்ள கயம் என்னும் சொல்லைக் கண்டவுடன் நம் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. கயம் என்றால் ஆழ்ந்த நீர்நிலை. கயாக் அதில் ஓடும் படகு. பொருத்தம் அருமை என்று எண்ணி நமக்குள் நகைத்துக்கொண்டோம். ஒலியொப்புமை ஒன்றையே துணைக்கொண்டு உலக மொழிகளையெல்லாம் தமிழாக்கிவிடும் அன்பர்கள் இவ்விடத்தில் பொறுத்தருள்க. கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்களின் சொல். கடல்நாய்த் தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்து, ஒருவர் மட்டும் இடுப்புவரை உள்ளே பொருந்தி அமரும்படி அவர்கள் வேட்டைக்காகச் செய்த கலம் அது. உறைபனிக் கடலில் படகு கவிழ்ந்தால் நீந்திக் கரையேற முடியாது. ஆகவே கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறாமலே, உடலையும் துடுப்பையும் ஒருசேரத் திருப்பி மீண்டும் நிமிரும் வித்தையை அவர்கள் கண்டனர். இன்று தோலுக்கு மாற்றாக நெகிழி வந்துவிட்டது. அவ்வித்தை மட்டும் மாறாமல் அப்படியே நிற்கிறது.

கவிழ்வதும் ஒரு விதி

அன்று நாம் கண்டது, நால்வர் ஒரே வேளையில் உயரமான மேடையிலிருந்து படகோடு ஆற்றில் பாய்ந்து முந்தும் போட்டி. தொங்கவிடப்பட்ட மிதவைகளைச் சுற்றி, சிலவற்றை ஓட்டத்தோடும் சிலவற்றை ஓட்டத்துக்கு எதிராகவும் கடக்க வேண்டும். ஒருவர் படகு மற்றவர் படகின்மேல் ஏறும்; துடுப்புகள் மோதும்; நீர்த்திரைக்குள் நால்வரும் மறைவர்; பின்பு இருவர் மட்டும் தெரிவர். ஒரு வீரர் தலைகீழாகக் கவிழ்ந்தபோது நம் மகள் நம் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். நம் நினைவு எங்கே சென்றிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? நாம் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினோம். மூன்று எண்ணுமுன் அவர் மறுபக்கம் நிமிர்ந்து, ஒன்றுமே நடவாததுபோல் துடுப்பு வலித்துச் சென்றார்.

“அத்தா, அவர் வேண்டுமென்றேதானே கவிழ்ந்தார்?” என்றாள் மகள். அவள் கேட்டது சரியே. இவ்வகைப் போட்டியில் குறித்த ஓரிடத்தில் படகை முழுவதும் கவிழ்த்து நிமிர வேண்டும் என்பது விதி. இதே ஆட்டம் 2024ஆம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. ஆடவர் பிரிவில் நியூசிலாந்தின் ஃபின் புட்சரும், மகளிர் பிரிவில் ஆஸ்திரேலியாவின் நோமி ஃபாக்சும் பொற்பதக்கம் பெற்றனர். வீழ்வதைத் தோல்வி என்று எண்ணாமல், வீழ்ந்து எழுவதைப் போட்டியின் ஓர் உறுப்பாகவே வைத்த விளையாட்டு இது. கவிழ்ந்த நிலையில் பதறாதிருக்கக் கற்ற பின்னரே ஒருவரை வெள்ளநீரில் இறங்க விடுகிறார்கள் பயிற்சியாளர்கள். முதல் பாடம் ஓட்டுவது பற்றியதன்று, கவிழ்வது பற்றியது.

ஃபிரீஸ்டைல் எனப்படும் மற்றோர் ஆட்டம் இன்னும் வியப்பூட்டுவது. இதில் ஆற்றைக் கடப்பதோ பிறரை முந்துவதோ இல்லை. பாறைக்குப் பின்னே நீர் விழுந்து மடிந்து தன்மேலேயே திரும்பும் இடம் ஒன்று உண்டு. மரக்கட்டை விழுந்தால் வெளியேற முடியாமல் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். நம் ஆற்றோர மக்கள் இத்தகைய இடங்களைச் சுழி என்றும் மடு என்றும் சொல்லி, பிள்ளைகளை விலக்கிவைப்பர். ஃபிரீஸ்டைல் வீரர் தேடிச் செல்வது அவ்விடத்தையே. ஆறடி நீளமே உள்ள குட்டிப் படகில் அமர்ந்து, 45 விநாடிக்குள் அச்சுழியின் முதுகில் நின்று, குட்டிக்கரணம், பக்கச் சுழற்சி, அந்தரப் புரளல் எனத் தாம் வல்ல கரணங்களையெல்லாம் செய்துகாட்ட வேண்டும். ஒவ்வொன்றின் அருமைக்கேற்ப மதிப்பெண் உண்டு. அமெரிக்கரான எரிக் ஜாக்சன் இதில் நான்கு முறை உலக வாகை சூடினார். அவர் மகன் டேன் ஜாக்சன் தந்தையின் வழிநின்று பலமுறை அதே வாகையைச் சூடினார். தந்தையின் தொழிலை மைந்தன் தழுவுவது உலகியல்பு; தந்தையின் சுழியையே தழுவியது புதுமை.

போட்டி இல்லாத இடைவேளையில், கரையோரச் சுழி ஒன்றில் ஓர் இளைஞர் இவ்வாட்டத்தைப் பயின்றுகொண்டிருந்தார். பத்துமுறை சுழி அவரைத் துப்பியது. பத்துமுறையும் அவர் ஓரமாகத் துடுப்பு வலித்து மேலேறி வந்து மறுபடியும் இறங்கினார். மகள் போட்டியைவிட இதனையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டனத்தியின் வழியினர்

வெள்ளத்தில் ஆடுதல் தமிழர்க்குப் புதிதன்று. வையையில் புதுநீர் வந்தபோது மதுரை மாநகரே திரண்டு சென்று புனலாடிய காட்சியைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. காவிரியின் கழார்த் துறையில் ஆடிய ஆட்டனத்தியின் கதையைப் பரணர் அகநானூற்றில் குறிக்கிறார், சிலம்பும் நினைவுகூர்கிறது. அவன் சேர நாட்டவன். புனலாடலில் அவனுக்கு நிகர் எவருமில்லை என்னும்படி ஆடியவன். அவ்வாட்டத்தைக் கண்டு காவிரியே அவனை விரும்பிக் கவர்ந்து சென்றாளாம். அவன் மனைவி ஆதிமந்தி கரைநெடுக அவனைத் தேடி அலைந்தாள். இக்கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்த நமக்கு, அதன் ஓர் உண்மை சாலிப்புழைக் கரையில்தான் விளங்கிற்று. ஆட்டனத்தி ஆடத் தெரியாமல் அழிந்தவன் அல்லன். ஆடத் தெரிந்தவனையும் ஆறு கொண்டுசெல்லும் என்பதே புலவர் சொல்லும் செய்தி.

சேர நாட்டின் இருவஞ்சிப்புழைக்கும் அத்தகைய கதை ஒன்று உண்டு. இது நம் காலத்தில் நடந்தது. முக்கம் என்னும் ஊரைச் சேர்ந்த பி.பி. மொய்தீன் பொதுத்தொண்டர், விளையாட்டு வீரர், நல்ல நீச்சல்காரர். அவருக்கும் காஞ்சனமாலா என்னும் மங்கைக்கும் இருந்த அன்பு, மதம் என்னும் வேலியால் பல்லாண்டுகள் தடுக்கப்பட்டது. 1982 ஜூலையில் இருவஞ்சிப்புழையில் தோணி ஒன்று கவிழ்ந்தது. அதில் சென்ற மொய்தீன் உடன்வந்தோரைக் கரைசேர்க்க முயன்று, தாம் வெள்ளத்தில் மறைந்தார். காஞ்சனமாலா அவர் மனைவியாகவே தம்மைக் கருதி வாழ்ந்து, அவர் பெயரால் முக்கத்தில் சேவை நிலையம் நடத்தினார். 2015இல் வெளிவந்த மலையாளத் திரைப்படம் ஒன்றால் இக்கதை உலகறிந்தது. ஆதிமந்தியைக் கற்பனை என்று எண்ணும் மாணவர் இருவஞ்சிக் கரைக்குச் சென்று வரலாம்.

ஆற்றைப் படித்தல்

அங்ஙனமாயின், இத்துணை பேர் எந்தத் துணிவில் இறங்குகின்றனர்? கரையின் பாறையொன்றில் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து, கயிறு சுருட்டிய பை ஒன்றைக் கையில் ஏந்தி, போட்டியில் கலந்துகொள்ளாமல் ஒருவர் நின்றிருந்தார். அவரைப்போல் பாறைக்கொருவராகப் பலர் நின்றிருந்ததைப் பின்னரே கவனித்தோம். எவரேனும் படகை இழந்து நீரோடு வந்தால் கயிற்றை வீசிப் பிடிப்பது அவர்கள் பணி. அவர் தமிழும் மலையாளமும் கலந்து நம்மிடம் பேசினார். ஆற்றில் இறங்குமுன் கரையோரம் நடந்து அதனைப் படிக்க வேண்டும் என்றார். ‘வாயிக்கணும்’ என்பது அவர் சொன்ன சொல். மலையாளத்தில் அதற்கு வாசித்தல் என்று பொருள். இருபதாண்டுகளாகப் பாடம் வாசிக்கச் சொல்லிவரும் நமக்கு அச்சொல் நெஞ்சில் தைத்தது.

அவர் காட்டக் காட்ட நாமும் வாசிக்கத் தொடங்கினோம். நீர் வழவழப்பாக நாக்குப்போல் நீண்டு இறங்கும் இடம் ஆழமானது. படகு செல்லும் வழி அதுவே. நுரைத்து வெளுத்துத் தெரியும் இடத்தில் நீரோடு காற்றும் கலந்திருப்பதால் அது உடலைத் தாங்காது. நீர் திடுமெனப் பிளக்கும் இடத்தில் பாறை மறைந்திருக்கும். பெரும் பாறையின் பின்புறத்தில் நீர் அமைதியாக, ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிச் சுழன்று வரும். வீரர்கள் அங்கே ஒதுங்கி, மூச்சு வாங்கி, அடுத்த பகுதியைப் பார்த்துக்கொள்வர். எந்தப் பாறை ஆற்றைத் தடுக்கிறதோ அதன் நிழலே வீரருக்கு ஓய்விடம் ஆகிறது. மரம் விழுந்து கிடக்கும் இடம் எல்லாவற்றிலும் கொடியது. நீர் கிளைகளுக்கிடையே புகுந்து சென்றுவிடும். மனிதர் அங்கே சிக்கிக்கொள்வர்.

இவ்வாசிப்பின் கடைசிப் பாடம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. வெள்ளநீரின் கடுமையை 1 முதல் 6 வரை ஆறு வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். ஐந்தாம் வகுப்பு தேர்ந்தோர்க்கே உரியது; ஆறாம் வகுப்பு உயிரைப் பணயம் வைப்பது. குறுகிய, செங்குத்தான மலையோடைகளில் படகு செலுத்துவோர் ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பார்ப்பர். அவர்கள் படகு ஃபிரீஸ்டைல் படகினும் நீண்டு, பருத்து, மூழ்கினாலும் விரைந்து மேலெழுவதாய் இருக்கும். அப்படியிருந்தும் பார்த்த இடம் மனத்துக்கு ஒவ்வாவிடில், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து அவ்விடத்தைக் கடப்பர். அதனை எவரும் கோழைத்தனம் என்று எள்ளுவதில்லை. “நடந்தவன் நாளைக்கும் வருவான்” என்றார் அக்கயிற்றுக்காரர்.

2018இல் பிரான்சு நாட்டு வீராங்கனை நூரியா நியூமன் லடாக்கின் சராப், சான்ஸ்கர், சிந்து ஆறுகளில் ஏழு நாள்கள் தனியே படகு செலுத்தி, ஏறத்தாழ 375 கிலோமீட்டர் கடந்தார். அப்பயணத்தில் ஓரிடத்தில் நீரில் மூழ்கி மயிரிழையில் உயிர் பிழைத்தார். 2021இல் ஈக்வடார் நாட்டில் 104 அடி அருவியிலிருந்து படகோடு இறங்கி, நூறடிக்கு மேற்பட்ட அருவியில் இறங்கிய முதல் பெண்மணி என்னும் பெயர் பெற்றார். செயற்கரிய செயல் என்று நாம் போற்றுவது அவ்வருவியை. ஆயினும் அதற்குமுன் அவர் பார்த்துவிட்டுத் திரும்பிய அருவிகளும் தோளில் படகைச் சுமந்து நடந்த வழிகளும் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், வீரம் என்னும் சொல்லின் பொருள் சற்றே விரிகிறது.

மழையைத் தொடரும் ஓராண்டு

இவ்விளையாட்டுக்கு நாட்காட்டி வகுப்பது மழையே. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கேரளத்தின் மலையோடைகள். பருவமழை ஓய்ந்து நீர் தெளியும்போது ரிஷிகேசத்துக் கங்கை. மேகாலயத்தின் உம்ட்ரூ போன்ற ஆறுகள் மழைக்காலத்தின் கடைவெள்ளம் குறையுமுன். இமயத்தின் பனி உருகும் காலத்தில் லடாக். உழவன் வானத்தைப் பார்ப்பதுபோல் கயாக் வீரனும் வானத்தைப் பார்க்கிறான். நேற்று ஆடிய ஓடை இன்று மழையின்றிப் பாறையாகக் கிடக்கும். இன்று அமைதியாக இருப்பது இரவு மழையில் கொலைவாளாகும். ஒரே ஆற்றில் இருமுறை ஒரே பாடம் கிடைப்பதில்லை. ஆகவே இதனில் பட்டம் பெற்றுப் படிப்பை முடித்தவர் என்று எவரும் இலர்.

நீரின் மறுமுகத்தையும் அம்மலைகள் விரைவிலேயே காட்டின. 2024ஆம் ஆண்டுத் திருவிழா ஜூலைக் கடைசியில் நிறைவுற்றது. அம்மாதம் 30ஆம் நாள் விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சாலியாறு அவர்களில் பலரின் உடல்களைப் பல கிலோமீட்டர் சுமந்துசென்று நிலம்பூர்ப் பகுதியில் கரையொதுக்கிற்று. நாம் கண்டு களித்த ஆறுகள் சென்று சேரும் அதே சாலியாறு. செய்தித்தாளைப் படித்த அன்று நம் மகள் நெடுநேரம் பேசவில்லை. விளையாட்டுக்களமும் இடுகாடும் ஒரே நீரால் ஆனவை என்பதை எந்தப் பாடநூலைக் கொண்டு அவளுக்கு விளக்குவது? அதே கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து பல்லாயிரம் பேரைக் காத்தனர் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். நீரை அறிந்தவரே நீரிலிருந்து பிறரை மீட்க முடிந்தது.

நம் ஊருக்கு ஒரு சொல்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பாதியளவினர் முப்பது வயதைத் தொடாதவர்கள். ஐக்கிய நாடுகள் அவை அதே ஆண்டில் ஜூலை 25ஆம் நாளை நீர்மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்தது. இவ்வெண்ணிக்கை பெருங்கடலில் மாண்டவர்களால் மட்டும் ஆனதன்று. ஊர்க்குளத்திலும் கிணற்றிலும் குவாரிப் பள்ளத்திலும் மாண்டவர்களும் சேர்ந்தே இத்தொகை பெருகியது. பெரியத்தா மகனைப் போன்றோர் எந்த வெள்ளத்தையும் வெல்லப் புறப்பட்டவர்கள் அல்லர். வெயிலுக்கு இதமாகக் குளிக்கப் போனவர்கள்.

நீரைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைப்பது நம் குடும்பத்தார் கண்ட வழி. ஒரு மகனைப் பறிகொடுத்த வீடு வேறெப்படி நடந்துகொள்ளும்? அவ்வழியில் அன்பு இருந்தது. அதனை நாம் குறை சொல்லோம். ஆயினும் சாலிப்புழைக் கரையில் கண்டது வேறொரு வழி. அது நீரை அறிமுகம் செய்துவைத்து, அதன் குணத்தைப் படிக்கக் கற்பித்து, கவிழ்ந்தால் எழும் பயிற்சி தந்து, பாறைக்கொருவராகக் கயிற்றோடு ஆள் நிறுத்தி, அதற்குப் பின்னும் வேண்டாமெனில் நடந்துசெல்ல உரிமை அளிக்கும் வழி. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள் என்று கலீஃபா உமர் அவர்கள் அறிவுறுத்தியதாகச் சொல்லப்படுவதை நாம் சிறுவயது முதலே கேட்டிருக்கிறோம். கேட்டதைச் செய்யும் காலம் வந்துவிட்டது என்று தோன்றிற்று.

ஊர் திரும்பியபின் நம் மகள் திருச்சிராப்பள்ளியில் மகளிர்க்கெனத் தனிநேரம் ஒதுக்கிய நீச்சற்குளம் ஒன்றில் சேர்ந்தாள். பெரியம்மா இதனைக் கேட்டுச் சிறிதுநேரம் மௌனமாக இருந்தார். அவர் வாய் திறந்தபோது நாம் எதிர்பார்த்த தடை வரவில்லை. “நல்லா கத்துக்கிடட்டும், அரைகுறையா விட்டுட வேணாம்” என்றார். முப்பத்தைந்து ஆண்டு வருத்தத்திலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு மேலாக நாம் என்ன அறிவுரை கூறிவிட முடியும்? மூன்று மாதத்தில் அவள் குளத்தின் நீளத்தை நிற்காமல் கடந்தாள். அடுத்த விடுமுறையில் தன் தோழியர் இருவரையும் உடனழைத்துச் சென்றாள்.

மாணவச் செல்வங்களே! உங்களில் எவரும் ஃபிரீஸ்டைல் வாகையராக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, ஆயின் மகிழ்வோம். நாம் வேண்டுவது மூன்றே. நீந்தத் தெரியாதவர் இவ்வாண்டுக்குள் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். நீந்தத் தெரிந்தவர், மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் ஊர்க் குளத்தின் தரையை ஒருமுறை நடந்து பாருங்கள். பள்ளம் எங்கே, படித்துறை எங்கே என்று வற்றிய குளம் சொல்லும் பாடத்தைப் படித்து, உங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆறுள்ள ஊரார்க்குக் கிட்டாத வாய்ப்பு இது. அவர்கள் ஆற்றின் அடியை ஊகித்தே அறிய வேண்டும். நமக்கோ ஆண்டில் எட்டு மாதம் அது திறந்த புத்தகமாகக் கிடக்கிறது. மூன்றாவதாக, நீர்நிலைக்குக் கூட்டமாகச் செல்லும்போது உங்களுள் ஒருவர் நீரில் இறங்காமல், நீண்ட கயிறு ஒன்றோடு கரையில் நில்லுங்கள். நீரில் ஒருவர் தத்தளித்தால் உடனே குதிக்காமல் கயிற்றை வீசுங்கள். அன்று குளத்தங்கரையில் நின்ற ஐவருள் ஒருவர் கையில் கயிறு இருந்திருந்தால், இம்மலரைப் படிக்கும் வயதில் பிள்ளைகளை உடைய தந்தையாகப் பெரியத்தா மகன் இன்று நம்மோடு இருந்திருப்பான்.